விட்டுப்போன ஒரு துளை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நான்காம் நாள் பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கிளம்பினேன். பைக் பாதி வழிதான் போனது. மீதித் தொலைவை, சாய்ந்து கிடந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி, கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் பழுது. 7.5 கேவிஏ, ஒற்றை ஃபேஸ், இரும்புக் கூண்டுக்குள் சத்தம் அடக்கிய டீசல் இயந்திரம்.

"ஓடுகிறது தம்பி. ஆனால் வீட்டில் எந்தச் சாமானும் பிழைக்கவில்லை" என்றார்.

முதல் நாள் இரவு அவரே ஓடவிட்டிருக்கிறார். பல்புகள் ஒரு நொடி வெள்ளை வெளேரென்று எரிந்து வெடித்தன. டிவி போனது. ஃபிரிட்ஜின் அடியிலிருந்து புகை வந்தது. அவருடைய துணைவியார் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். மருந்துக் குப்பிகளைப் பாலித்தீன் பையில் சுற்றி, சிறிய கலயத்தில் வைத்து, அந்தக் கலயத்தைத் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் இறக்கி, ஈரத் துணியால் மூடியிருந்தார்கள். அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டேதான் பின்கட்டுக்குப் போனேன்.

வீட்டுக்கு மின்சாரம் போகாதபடி, மின்வாரிய இணைப்புக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சை நடுவில் நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். 300 வோல்ட் வரை குறியிட்ட மீட்டரின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டி நின்றது. உடனே அணைத்தேன். மின்சாரத்தை உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரின் இணைப்புப் பெட்டி மூடியைக் கழற்றியபோது முதலில் கண்ணில் பட்டது வயர் அல்ல, வைக்கோல். அதோடு தென்னை நார், கூண்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒலி அடக்கும் ஃபோம் துண்டுகள், கிழிந்த கொடித்துணி. நடுவில் கண் திறக்காத நான்கு எலிக்குஞ்சுகள்.

ஏவிஆர் என்ற சிறு பலகையின் வேலை வோல்டேஜைக் கட்டுக்குள் வைப்பது. வெளியே எத்தனை வோல்ட் போகிறது என்பதை அது இரண்டு மெல்லிய வயர்கள் மூலமாக அறிந்துகொள்ளும். குறைந்தால், உள்ளே சுழலும் ரோட்டருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டும், மிகுந்தால் குறைக்கும். அந்த இரண்டு வயர்களில் ஒன்றை எலி கடித்து அறுத்துவிட்டது. வெளியே வோல்டேஜே இல்லை என்று எடுத்துக்கொண்டு பலகை கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. நல்ல ஏவிஆர்கள் சிலவற்றில் இதற்குக் காப்பு உண்டு, வயர் அறுந்தால் மின்னோட்டத்தை நிறுத்திவிடும். அந்த இயந்திரத்தில் இருந்த பலகையில் அது இல்லை. எலி கடித்தால் இயந்திரம் ஓடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓடாமல் போனால் அது நல்ல காலம். ஓடிக்கொண்டே வீட்டை எரிப்பதுதான் பெரிய கேடு.

எலி எப்படி உள்ளே வந்தது என்று விளக்கைப் பிடித்துத் தேடினேன். கூண்டின் பின்தகட்டில், தரைக்குச் சற்று மேலே, ஒரு வட்டத் துளை. அதன் வழியே கண்ட்ரோல் கேபிள் போகிறது. கேபிளைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடைவெளி. துளையின் விளிம்பில் எலியின் உடல் உரசி உரசிக் கருத்த எண்ணெய்ப் பிசுக்கு.

அந்தத் துளையைப் போட்டவன் நான்.

2012இல் டெல்டா மாவட்டங்களில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது அவர் வாங்கிய இயந்திரம் அது. மின்சாரம் நின்றால் தானே ஓடத் தொடங்கும் தானியங்கிப் பலகையை 2016இல் நான்தான் பொருத்திக் கொடுத்தேன். கேபிளுக்காகத் துளையிட்டேன். கேபிளைக் கவ்வித் துளையை அடைக்கும் கிளாண்ட் சரியான அளவில் அன்று பையில் இல்லை. மாலையாகிவிட்டது. அடுத்த முறை வரும்போது போட்டுவிடுகிறேன் ஐயா என்று சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. அடுத்த முறை ஆயில் மாற்ற வந்தேன், ஃபில்டர் மாற்ற வந்தேன். துளையை மறந்துவிட்டேன்.

இதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது, எலியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் சற்று நேரம் அந்தத் துளையையே பார்த்தார். பிறகு, "வேலையை முடி தம்பி, தெருவே தண்ணீருக்குக் காத்திருக்கிறது" என்றார். போர்வெல் மோட்டாரை ஓட்ட அந்தத் தெருவில் இருந்த ஒரே ஜெனரேட்டர் அதுதான். குஞ்சுகளை அவரே கொட்டாங்கச்சியில் அள்ளி, விழுந்து கிடந்த பலா மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். அவை பிழைத்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினேன். தானியங்கி இயந்திரத்தில் இதைச் செய்யாமல் கையை விடுவது உயிரோடு விளையாடுவது. உள்ளே கை இருக்கும்போது தானியங்கிப் பலகை தானாக ஸ்டார்ட் கொடுத்துவிடும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கூட்டின் மேல் பிளீச்சிங் கரைசல் தெளித்து, ஊறியபிறகு அள்ளினேன். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். காய்ந்த கூட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதும் ஏர் பிடித்து ஊதுவதும் கூடாது. நானே முதல் பத்தாண்டு ஊதித்தான் சுத்தம் செய்தேன். எதுவும் ஆகவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் அன்றைக்கு ஓடும். ஆனால் பல் பட்ட இடத்துக்கு இருபுறமும் செம்பு பச்சை பூத்திருந்தது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது வயர்த் துண்டை வைத்து, அழுத்திப் பொருத்தும் இணைப்பான் போட்டு, மேலே கண்ணாடி இழை உறை ஏற்றினேன். பக்கத்து வயர்களை விரலால் தடவிக்கொண்டே போனதில் இன்னும் மூன்று இடங்களில் உறை உரிந்திருந்தது. கண்ணைவிட விரல் நுனிதான் இதற்கு நம்பகமானது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். சிறுநீரின் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மின்சாரத்தையும் கடத்தும். சுருளிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கும் கருவி மெகர். அதை வைத்து 500 வோல்டில் சோதித்தபோது சுருளின் காப்புத் தடை 0.3 மெகா ஓம்தான் காட்டியது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் நான் இயந்திரத்தைச் சுமையேற்ற மாட்டேன். கடையாக இருந்தால் வெந்நீர்த் துணியால் துடைத்து, விளக்குகளைச் சுற்றி வைத்து ஓர் இரவு காயவிட்டு, வார்னிஷ் அடிப்பேன். அங்கே ஏது மின்சாரம்? எட்டும் இடங்களையெல்லாம் துடைத்துவிட்டு, ஏவிஆர் இணைப்பைக் கழற்றி, மின்சாரம் உண்டாகாதபடி என்ஜினை மட்டும் ஓடவிட்டேன். ஆல்டர்னேட்டரின் விசிறி காற்றை இழுத்து இழுத்துச் சுருளைக் காயவைத்தது. டீசலுக்காக பெட்ரோல் பங்க்குகளில் மணிக்கணக்கில் மக்கள் நின்ற நாள்கள் அவை. மூன்று மணி நேரம் வெறுமே எரியும் டீசலை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. ஆசிரியர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் மெகர் 2.4 காட்டியது. ஏவிஆரை மாட்டி ஓடவிட்டேன். 230. சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைத் திருப்பியதும் மோட்டார் தண்ணீரை இழுத்தது. குடங்களின் சத்தம் வாசல்வரை கேட்டது.

துளையை அன்றைக்கே, கிளம்புவதற்கு முன், தகட்டை வெட்டி இரண்டு துண்டாக்கிக் கேபிளைக் கவ்வும்படி வைத்துத் திருகி மூடினேன். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை மாற்றிய செலவை ஏற்பதாகச் சொன்னபோது அவர் மறுத்தார். பராமரிப்புக் கூலியில் ஆண்டாண்டாகக் கழித்துத்தான் தீர்த்தேன்.

அதற்குப் பின் எந்த வீட்டுக்குப் போனாலும் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் அதைச் சுற்றி ஒரு முறை குனிந்து நடப்பேன். பென்சில் நுழையும் இடைவெளியில் சுண்டெலி நுழைந்துவிடும், 6 மில்லிமீட்டர் போதும். கட்டைவிரல் அளவு இருந்தால் வீட்டு எலி. தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும். எச்சத்தைப் பார்த்தும் சொல்லலாம். அரிசிமணி அளவென்றால் சுண்டெலி, அதைவிட இரண்டு மூன்று பங்கு நீளமென்றால் எலி. மூஞ்சூறைப் பார்த்துவிட்டு அதன்மேல் குற்றம் சொல்வோர் உண்டு. அது பூச்சி தின்னும் பிராணி, வயரைக் கொறிக்கும் பல் அமைப்பு அதற்கு இல்லை. எலிக்கோ முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கின்றன. கொறிப்பது அதன் பிழைப்பு.

அடைப்பதற்கு எது ஏற்றது என்பதில் பலர் தவறுகிறார்கள். பீய்ச்சினால் உப்பும் ஃபோமை எலி ஒரே இரவில் கடித்துத் துப்பிவிடும். துரு ஏறாத எஃகு நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள், அல்லது உலோக கிளாண்ட் போடுங்கள். தரையோடு போகும் கேபிளை நெளி உலோகக் குழாய்க்குள் இழுங்கள். காற்றுத் துவாரங்களுக்குக் கால் அங்குலத்துக்கும் குறைந்த கண் உள்ள வெல்டு மெஷ் கம்பிவலை போதும். பயத்தில் கொசுவலை அடித்த ஒரு வீட்டில் தூசி அடைத்து, என்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கட் போனது. இயந்திரம் மூச்சுவிட வேண்டும், எலி நுழையக் கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில் ஆபத்து வேறு மாதிரி. கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டருக்குப் பின்னால் குளிர்விக்கும் விசிறி இருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு வீட்டில் அந்த உறைக்குள் பஞ்சும் காகிதமும் அடைந்து, காற்று போகாமல் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சைலன்சர் அருகே என்றால் அந்தப் பஞ்சே தீப்பிடிக்கும்.

விஷம் வைக்க நான் சொல்வதில்லை. விஷம் தின்ற எலி கூண்டின் எட்டாத மூலையில் போய்ச் செத்து, நாற்றம் வாரக்கணக்கில் நிற்கும். அதைவிட முக்கியம், எங்கள் பக்கத்தில் வயலில் கம்பு நட்டு ஆந்தைக்கும் கூகைக்கும் இருக்கை கொடுக்கிறார்கள். இரவில் வந்து எலி பிடிக்கும் அந்தப் பறவை விஷம் தின்ற எலியைத் தின்றால் என்ன ஆகும்? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை மனிதனின் ஈரலையே அழித்துவிடும், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அது இருக்கவே கூடாது. பசை அட்டையில் ஒட்டி இரவெல்லாம் துடிக்கவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. அந்துருண்டை திறந்த இடத்தில் வாசம் போய்விடும். கீச்சொலிக் கருவிக்கு எலிகள் சில நாள்களில் பழகிவிடுகின்றன. மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி சட்டென்று கதையை முடிக்கும், யாருக்கும் வேறு தீங்கில்லை. ஆனால் கிட்டியும் துளையை அடைத்த பிறகுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மின்வெட்டு குறைந்ததும் வீட்டு ஜெனரேட்டர்கள் மூலையில் உறங்கிவிட்டன. ஓடாத இயந்திரம் எலிக்குக் கதவில்லாத வீடு. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காலியானதும் எலிகள் வரப்பு வளைகளை விட்டு வீட்டுப் பக்கம் வருகின்றன. நெல் மூட்டையும் கோழித் தீவனமும் தேங்காய்க் குவியலும் பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே வாரம் ஒரு முறை கால் மணி நேரம் ஓட்டச் சொல்கிறேன், அதுவும் மோட்டாரையோ கிரைண்டரையோ போட்டு, சுமையோடு. வெறுமே ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் சைலன்சரில் கரியும் பிசுக்கும் சேரும். ஓட்டுவதற்கு முன் கதவைத் திறந்து, மோந்து பார்த்து, விளக்கடித்துப் பாருங்கள்.

போன மாசியில் ஆயில் மாற்றுவதற்காக ஆசிரியர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வைக்கோல் போர் புதிதாக வேய்ந்திருந்தது. ஜெனரேட்டர் கொட்டகைச் சுவரில் தினசரிக் காலண்டரின் பழைய தாள்களைச் சணலில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமைத் தாளின் பின்புறமும் அவருடைய குண்டு குண்டான எழுத்தில் ஒரு வரி: "15 நிமிடம், மோட்டாருடன். 230. வளை இல்லை." தாள் தாளாகப் புரட்டினேன். அந்த வாரத்துத் தாளில் மட்டும் கூடுதலாக எழுதியிருந்தார்: "போருக்கு அடியில் கிட்டியில் ஒன்று. உள்ளே எதுவும் இல்லை."