குளத்துப்புழை மழைநாளில் அன்னாசிப் பெட்டிஸ்

சிலோனிலிருந்து வந்தவர்கள் என்றதும் பலருக்கும் மண்டபம் முகாம் நினைவுக்கு வரும், அடுத்து நீலகிரி. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால், கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களாக நாங்கள் இருப்பது தமிழ்நாட்டிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. சிலோனும் இந்தியாவும் 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்தான் எங்களை இங்கே கொண்டு வந்தது. சிலோனில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க 1976-ல் புனலூரில் ரிஹாபிலிட்டேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற அரசு நிறுவனம் உருவானது. குளத்துப்புழையில் ஒன்று, ஆயிரநல்லூரில் ஒன்று என இரண்டு எஸ்டேட். எல்லாம் ரப்பர்.

எங்கள் குடும்பம் எழுபதுகளின் கடைசியில் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். சொந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அப்பாவும் அம்மாவும் சிலோன் மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இந்தியா எங்கள் எல்லோருக்குமே புது நாடுதான். போதாததற்கு, வந்து சேர்ந்த இடத்தில் மலையாளம். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவே தயக்கமாக இருக்கும். சாதிச் சான்றிதழுக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியதை எழுதப் போனால் அது தனிக்கதை.

வேலையும் புதிது. அம்மா சிறுவயது முதல் கொழுந்து பறித்தவர். இங்கே பொழுது விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு முண்டும் முடிச்சுமாகிவிடும், அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது. அம்மா அந்தக் கையடக்கத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். இந்தக் கைக்கும் பெட்டிஸுக்கும் (உள்ளே பழமோ ஜாமோ வைத்து மடித்துச் சுடும் சின்னப் பலகாரம்) தொடர்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாவை அதிகம் அழுத்தாத கைதான் நல்ல பெட்டிஸ் செய்யும்.

பெட்டிஸ் எங்களுக்குப் பெரியப்பா வழியாக வந்தது. அவர் சிலோனில் துரை பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். மாலைத் தேநீருக்கு ஒரே கடியில் வாயில் போகிற மாதிரி ஜாம் வைத்த சின்னப் பலகாரங்கள் செய்து அனுப்புவாராம். லயத்துக்காரர்களுக்கு, அதாவது வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு, அதில் பங்கு கிடையாது. அவர் அதை முதன்முதலாகத் தன் சொந்தக் குடும்பத்துக்கென்று செய்தது குளத்துப்புழை லயத்தில்தான். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஜாம் வாங்கக் காசில்லை. ஆனால் சுற்றிலும் அன்னாசி. ரப்பர் கன்று நட்டு முதல் மூன்று நான்கு வருஷம் வெயில் தரையில் விழும். அதுவரை வரிசைகளுக்கு நடுவே கைதச்சக்கை (மலையாளத்தில் அன்னாசி) போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மரம் கூடாரம் கட்டி நிழல் விழுந்ததும் அன்னாசி போய்விடும். எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசிக்கு 2009-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதே மொரீஷியஸ் ரகம்தான் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும். வண்டியில் ஏற்றாமல் ஒதுக்கிய சின்னப் பழங்கள் சும்மாவே கிடைக்கும்.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டினாலும் சிரட்டையில் தண்ணீர் விழுந்து பால் கெட்டுவிடும். கூலி போகும் கவலை ஒரு பக்கம் இருந்தாலும் அம்மா வீட்டில் இருப்பார், காற்றும் குளிர்ந்திருக்கும். பெட்டிஸ் மாவுக்கு அந்தக் குளிர்ச்சி அவசியம். ஹட்டன் குளிரில் வெண்ணெய் தானாகவே கெட்டியாக நிற்கும். இந்தப் புழுக்கத்தில் கையில் எடுத்த உடனே உருகுகிறது. உருகிய வெண்ணெய் மாவுக்குள் ஊறிவிட்டால் பெட்டிஸ் பொரபொரவென்று உதிராது, வறட்டு ரொட்டியாகிவிடும். அந்தக் காலத்தில் பிரிட்ஜ் ஏது? பெரியப்பா பாத்திரத்தைக் கிணற்றுத் தண்ணீரில் மிதக்கவிட்டு மாவு பிசைவார்.

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் பழம். ஒரு கிலோ அளவு அன்னாசியைத் தோல் சீவி, கண்களைத் தோண்டி, நடுத்தண்டை நீக்கிப் பொடிப்பொடியாக நறுக்கவும். அரைக்க வேண்டாம், பல்லில் நார் தட்டுப்பட வேண்டும். உருளியில் போட்டு 150 கிராம் சர்க்கரை, இரண்டு கிராம்பு, சிறு துண்டு கறுவாப்பட்டை சேர்த்து மிதமான தீயில் கிளறவும். மழைக்காலப் பழம் புளிக்கும், அதற்கு ஒரு கை சர்க்கரை கூடுதலாக வேண்டும். மாசி, பங்குனிப் பழத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். பச்சை அன்னாசியை அப்படியே வைத்தால் சாறு விட்டு அடிமாவு ஊறிப்போகும். நாக்கை அரிக்கிற ப்ரோமலெய்ன் என்ற நொதியும் அதில் இருக்கிறது, வேக வைத்தால் அது செயலிழந்துவிடும். கரண்டியால் உருளியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டுக்குள் சாறு ஓடி வராமல் அடி அப்படியே தெரிந்தால் பக்குவம். அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், அவசரப்பட வேண்டாம். நன்றாக ஆறிய பிறகுதான் மாவுக்குள் வைக்க வேண்டும்.

மாவுக்கு 250 கிராம் மைதா, 125 கிராம் குளிர்ந்த வெண்ணெய், இரண்டு ஸ்பூன் பொடித்த சர்க்கரை. உப்புப் போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு தேவையில்லை. வெண்ணெயைத் துண்டுகளாக்கி மைதாவில் போட்டு விரல் நுனியால் மட்டும் உதிர்த்துவிடுங்கள், உள்ளங்கை படக்கூடாது, அங்கேதான் சூடு. புட்டுக்கு விரவிய மாவு போல் வந்ததும் ஐஸ் தண்ணீர் மூன்று நான்கு ஸ்பூன் தெளித்து ஒன்றுசேர்த்தால் போதும், சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டுத் தேய்த்து, சின்ன டம்ளரின் வாயால் வட்டம் வட்டமாக வெட்டவும். நடுவில் அரை ஸ்பூன் பழம், ஓரத்தில் தண்ணீர் தொட்டு மடித்து முள்கரண்டியால் அழுத்தவும். நிறைய வைக்க ஆசை வரும். வைத்தால் சூட்டில் வாய் பிளந்துவிடும். மேலே கரண்டி முனையால் ஒரு குத்து, ஆவி போக. பிறகு 180 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம்.

ஓவன் இல்லையென்றால் விடவேண்டாம். அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, உள்ளே தட்டு வைத்து, தகர மூடி போட்டு, மூடியின் மேல் சிரட்டைக் கங்கு பரப்புவார் பெரியப்பா. கீழே ரப்பர் விறகு. மேலும் கீழும் நெருப்பு இருப்பதால் முதுகும் சிவக்கும். கேஸ் அடுப்பில் மணல் பரப்பி மூடி வைத்தாலும் வேகும், மேற்புறம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும், பால் தடவினால் அதுவும் சரியாகும்.

பக்கத்து வீட்டு சேச்சி முதலில் எங்களிடம் பேசியதே இந்த வாசனையால்தான். கேரளத்தில் எந்த முக்கிலும் ஒரு பேக்கரி இருக்கும், பப்ஸும் கேக்கும் அவர்களுக்குப் புதிதல்ல. 1883-லேயே தலச்சேரியில் மாம்பள்ளி பாபு கிறிஸ்துமஸ் கேக் செய்த ஊர்க்காரர்கள். ஆனாலும் அடுப்பில் மணல் வைத்து லயத்து வீட்டில் சுடுவதை அவர் பார்த்ததில்லை. "இதெந்தா மோளே?" என்று வாசலில் வந்து நின்றார். அம்மாவுக்குப் பதில் சொல்ல மலையாளம் வரவில்லை, ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். மறுநாள் சேச்சி வீட்டிலிருந்து அவித்த கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் வந்தது. அம்மாவின் மலையாளம் அங்கே தொடங்கியதுதான். ரேஷன் கார்டு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் அதே சேச்சிதான்.

பிறகு கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீ வந்தபோது எங்கள் அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) தமிழ்ப் பெண்களும் மலையாளிப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்தோம். பெட்டிஸ் செய்முறை அங்கே பலர் கைக்குப் போனது. மண்டல காலத்தில் மாலை போட்டவர்கள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும்போது முட்டை தடவக் கூடாது, பாலில் துளி சர்க்கரை கரைத்துத் தடவினால் போதும். ஐயப்பன் பாலகனாக இருக்கும் குளத்துப்புழைக் கோயிலுக்கு வரும் தமிழ்நாட்டுச் சாமிமாருக்குக்கூட இப்படிச் செய்து கொடுத்திருக்கிறோம்.

அன்னாசி விலை ஏறிவிட்டால் சக்கை வரட்டியை வைத்துச் செய்யுங்கள். பலாப்பழத்தை வெல்லத்தில் ஏற்கனவே வற்றக் காய்ச்சியிருப்பதால் மறுபடி கிளற வேண்டியதில்லை, ஒரு சிட்டிகை சுக்கு சேர்த்தால் போதும். அது சீக்கிரம் கருகும், அதனால் 170 டிகிரியில் வைத்து நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள்.