கமெண்ட் போடுங்க, திருத்திக் குடுத்துடாதீங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு காலேஜ் ரைட்டிங் சென்டர்ல டியூட்டரா இருக்கேன். பசங்க எஸ்ஸே, அசைன்மென்ட் எழுதிட்டு வருவாங்க, நாங்க கூட உக்காந்து கேள்வி கேட்டுக் கேட்டு அவங்களையே சரி பண்ண வைப்போம், மார்க் போடுறதோ திருத்திக் குடுக்குறதோ எங்க வேலை இல்ல. அமெரிக்கால பர்டியூ யுனிவர்சிட்டி 1994லயே இதுக்குன்னு வெப்சைட் போட்டுட்டாங்க, ரெஃபரன்ஸ் எப்படி எழுதணும்னு கேக்குற பசங்களுக்கு இன்னிக்கும் நான் அந்த லிங்க்தான் அனுப்புறேன்.

இங்க பெரிய மாற்றம் 2020 லாக்டவுன்லதான் வந்துச்சு. மார்ச் 27ல நாட்டையே மூடினதும் பசங்க ஊருக்குப் போயிட்டாங்க, நிறைய யுனிவர்சிட்டில மாசம் 30 ஜிபி டேட்டா குடுத்தாங்க, அதுல பகலுக்கு 10, மிச்சம் 20 நடுராத்திரிக்கு மேலதான் ஓடும். சிக்னலே சரியா இல்லாத ஊர்ல வீடியோ கால்ல உக்காந்து பேசுறதெல்லாம் நடக்குற காரியமா? கடைசில நிலைச்சு நின்னது கூகுள் டாக்ஸும் வாட்ஸப் வாய்ஸ் நோட்டும்தான், இப்பவும் அதுதான் ஓடுது.

டாக்ஸ்ல நான் ரொம்ப கவலைப்படுற விஷயம் ஒண்ணு இருக்கு, அந்த சஜஸ்டிங் மோட், அதுல நாம மாத்துறதெல்லாம் யோசனையா நிக்கும், எழுதுனவங்க டிக் தட்டினா அப்படியே ஏறிடும். டியூட்டர் நல்ல மனசோட வாக்கியத்தை மாத்தி வைப்பாங்க, பையன் பஸ்ல போகும்போது போன்ல திறந்து வரிசையா டிக் டிக்னு தட்டிட்டு சப்மிட் பண்ணிடுவான், எஸ்ஸே நல்லாயிடும், அவனுக்கு ஒண்ணும் வந்திருக்காது, அடுத்த எஸ்ஸேலயும் அதே இடத்துல மாட்டுவான். அதனால நான் கமெண்ட் மட்டும்தான் போடுவேன், அதுவும் கேள்வியா. "இந்தப் பாரால நீ என்ன சொல்ல வர்ற?", "இதுக்கு ஆதாரம் எங்க?" அவ்ளோதான். ஒரு டிராஃப்ட்ல ரெண்டு மூணு கமெண்டுக்கு மேல போனா சின்ன ஸ்கிரீன்ல பாத்ததுமே பசங்க பயந்துடுறாங்க.

வாய்ஸ் நோட்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய வரம். எங்க பசங்க பாதிப்பேருக்கு மேல வீட்ல ஜூலு பேசுறவங்க, இங்கிலீஷ்ல எழுதுன்னா கை நின்னுடும். முதல்ல ஜூலுலயே போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணு, நீயே திருப்பிக் கேளு, அப்புறம் எழுதுன்னு சொல்லுவேன். பேசும்போது வாதம் எவ்ளோ தெளிவா வருது தெரியுமா! ஜூலு தெரிஞ்ச சீனியர் ஸ்டூடன்ட் டியூட்டர்ஸ் அதைக் கேட்டுட்டு அதே மொழியில பதில் அனுப்புவாங்க. டர்பன்ல இந்திய வம்சாவளிக்காரங்க நிறைய இருக்குற சாட்ஸ்வொர்த்லருந்து வர்ற நம்ம தமிழ்ப் பசங்க கதை வேற, வீட்டுலயே இங்கிலீஷ்தான், பேசுறதை அப்படியே எழுதிடுவாங்க, அவங்களுக்கு வாய்விட்டுப் படிச்சு ரெக்கார்ட் பண்ணச் சொன்னா எங்க இழுக்குதுன்னு அவங்க காதுக்கே பிடிபட்டுடும்.

2022 கடைசில சாட்ஜிபிடி வந்ததுலருந்து இனி ரைட்டிங் சென்டர் எதுக்குன்னு கேக்குறாங்க. நான் பசங்ககிட்ட டாக்ஸோட வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறக்கச் சொல்றேன், முதல் டிராஃப்ட்லருந்து எது எப்படி மாறுச்சு, ஏன் மாத்துனேன்னு அவங்களே சொல்லணும். சொல்ல முடிஞ்சா அது அவங்க எழுத்து. சொல்ல முடியலன்னா திட்ட மாட்டேன், அந்தப் பாராலருந்தே உக்காந்து ஆரம்பிப்போம்.




உங்க காலேஜ்ல இந்த மாதிரி வேலை பாக்குறீங்கன்னா அந்த சஜஸ்டிங் மோடை மட்டும் ஒரு செமஸ்டர் தொடாம இருந்து பாருங்க, ப்ளீஸ்.