நாற்பதாம் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள்

கவிதைத் தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகப் படிப்பவள் நான். நடுவில் புரட்டி, கண்ணில் பட்டதை மட்டும் படித்து மூடிவைப்பது எனக்கு ஒத்துவருவதில்லை. முன்னுரையைக் கடைசியில்தான் படிப்பேன். கவிஞரைப் பற்றி இன்னொருவர் என்ன நினைக்கிறார் என்பது அதுவரை காத்திருக்கலாம்.

இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் நான் தமிழ் படிக்கிற வேகம். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்துகளை அம்மாதான் தினத்தந்தித் தலைப்புகளில் என் விரலைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதனால் இன்றைக்கும் தமிழை எழுத்தெழுத்தாகத்தான் படிக்கிறேன். நாவல் என்றால் இழுத்துக்கொண்டே போகும். கவிதைக்கு இந்த வேகமே சரியான வேகம். ஆறு வரிப் பாட்டை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, திரும்பச் சொல்லிப் பார்த்து, அடுத்ததற்குப் போகிறேன். காலையில் அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால் பட்டந்தூர் அக்ரஹாரா வரை அதுதான் வேலை. உட்கார இடம் கிடைக்காது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் புத்தகம்.

இப்படி வரிசையாகப் படிக்கும்போது கிடைத்த ஒன்றைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். சங்கப் பாட்டுகளின் தொகையான குறுந்தொகையில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு நாற்பதாவது.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்

என்று தொடங்கி, செம்மண்ணில் விழுந்த மழைநீர்போல அன்புடை நெஞ்சம் கலந்துவிட்டது என்று முடியும். கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன், பட்டிமன்ற மேடையில் கேட்டிருக்கிறேன், வாட்ஸப்பில் ரோஜாப் பூப் படத்தோடு வந்திருக்கிறது. எழுதியவரின் பெயர் தெரியாமல் அந்த உவமையையே பெயராக்கி செம்புலப்பெயல்நீரார் என்று வைத்துவிட்டார்கள். அத்தனை பெருமைக்கும் தகுதியான பாட்டுதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் குறுந்தொகை அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். நானூறு பாட்டுக்கு மேல் உள்ள தொகை அது.

பக்கத்தைத் திருப்பினால் நாற்பத்தொன்று. அவன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர்போலச் சந்தோஷமாக இருப்பேன், அவன் போய்விட்டால்,

மக்கள் போகிய அணிலாடு முன்றில்

மாதிரி ஆகிவிடுவேன் என்கிறாள் ஒரு பெண் தன் தோழியிடம். பாலைநில வழியில் ஒரு சின்ன ஊர். ஆட்கள் விட்டுப்போன வீடு. முற்றத்தில் அணில் விளையாடுகிறது. இதை எழுதியவருக்கும் பெயர் கிடைக்கவில்லை, அணிலாடு முன்றிலார் என்கிறார்கள். தங்கள் உவமையையே பெயராகக் கொண்ட இரண்டு கவிஞர்கள் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஒருவர் கலந்ததைச் சொல்கிறார், அடுத்தவர் காலியானதைச் சொல்கிறார். எங்கள் பூர்வீகம் குடியாத்தம் பக்கம். எங்கள் தெருவில் பாதிப் பேர் பிழைப்புக்கு பெங்களூர் வந்துவிட்டோம். பூட்டிக் கிடக்கிற அந்த வீட்டுத் திண்ணையைப் பொங்கலுக்குப் போகும்போது பார்க்கிறவளுக்கு இந்த அணில் சாதாரணமாக ஓடிப்போவதில்லை. ஆள் இருக்கிற முற்றத்துக்கு அணில் வந்தால் விரட்ட ஒருவர் இருப்பார். விரட்ட ஆளில்லாததால்தான் அது விளையாடுகிறது.

நாற்பத்திரண்டு கபிலருடையது. காமமே ஒழிந்துபோனாலும் உன்னோடு எங்களுக்குள்ள தொடர்பு தேய்ந்துவிடுமா என்று தலைவனிடம் தோழி கேட்கிறாள். நள்ளிரவில் பெய்த மழை அருவியாக மலைக்குகையில் ஒலித்துக்கொண்டிருக்கிற நாடு அவனுடையது. மழை நின்றபிறகும் சத்தம் நிற்காத நாடு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உரையாசிரியர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

நாற்பத்து மூன்று ஔவையார்.

செல்வார் அல்லர் என்றுயான் இகழ்ந்தனனே
ஒல்வாள் அல்லள் என்றவர் இகழ்ந்தனரே

அவர் எங்கே போகப்போகிறார் என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன். சொன்னால் இவள் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று அவர் சொல்லாமலே போய்விட்டார். இரண்டு பேருடைய பிடிவாதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனசு, நல்ல பாம்பு கடித்ததுபோலத் துடிக்கிறது. கல்யாணமாகி சில வருஷம் ஆனவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் இந்தப் பாட்டைப் படித்துக்காட்டலாம். விளக்கம் தேவைப்படாது.

அப்புறம் நாற்பத்து நான்கு. வெள்ளிவீதியார். மொத்தம் நான்கே வரி.

காலே பரிதப் பினவே கண்ணே
நோக்கி நோக்கி வாளிழந் தனவே
அகலிரு விசும்பின் மீனினும்
பலரே மன்றஇவ் வுலகத்துப் பிறரே

கால் நடை தளர்ந்துவிட்டது. பார்த்துப் பார்த்துக் கண்ணில் ஒளி போய்விட்டது. வானத்து மீன்களைவிட அதிகமாக இருக்கிறார்கள் இந்த உலகத்தில் மற்றவர்கள். காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடிக் காட்டுவழியில் அலைகிற செவிலித்தாய் சொல்வதாகப் பாட்டின் கீழே குறிப்பு இருக்கிறது.

மெட்ரோவில் நின்றுகொண்டே சட்டென்று பக்கங்களைப் பின்னால் திருப்பினேன். நாற்பதாவது பாட்டின் முதல் சொல் என்ன? யாய். என் தாய். என் தாயும் உன் தாயும் யாரோ எவரோ என்று காதலன் அங்கே பெருமையாகக் கேட்கிறான். நான்கு பாட்டு தள்ளி, வளர்த்த தாய் ஒருத்தி எதிரே வருகிற ஒவ்வொரு ஜோடியையும் உற்றுப் பார்த்து, இவர்களும் இல்லை, இவர்களும் இல்லை என்று நிற்கிறாள். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பார்கள். இரண்டு பாட்டுகளையும் அவர் யோசித்துத்தான் இப்படி வைத்தாரா, தற்செயலா என்பது என் கேள்வியில்லை. வரிசையாகப் படிக்கிறவர்களுக்கு இது நடக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகையில் செம்புலப்பெயல்நீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செவிலித்தாயும் சேர்ந்தே ஞாபகம் வருகிறாள்.

இந்த நான்கு வரியை அன்று ராத்திரி அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். அர்த்தம் சொல்ல வாயெடுப்பதற்குள், "உங்க பாட்டி அப்படித்தாம்மா நின்னாங்க" என்றார். என் சின்ன மாமா பையனாக இருக்கும்போது வீட்டைவிட்டு ஓடிப்போனார். பெங்களூரில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள் என்று பாட்டி கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் போய் நின்றிருக்கிறார். ஒவ்வொரு ரயிலிலிருந்தும் இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்திருக்கிறார். "எத்தன ஜனம் எறங்குது, எம்புள்ள மட்டும் எறங்கலியேன்னு அழுவாங்க" என்றார் அம்மா. வெள்ளிவீதியார் பெயரைப் பாட்டி கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. பாட்டிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. மாமா பிறகு திரும்பி வந்தார், அது வேறு கதை. சங்கப் பாட்டு புலவர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

குறுந்தொகையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் மற்றது நின்றுவிடும். கவிஞர் ஆத்மாநாமுக்கு வருகிறேன். 1951-ல் பிறந்தவர், 'ழ' என்ற கவிதைப் பத்திரிகையை நடத்தியவர். உயிரோடு இருந்தபோது வந்த ஒரே தொகுப்பு 'காகிதத்தில் ஒரு கோடு', 1981. 1984-ல் எங்கள் பெங்களூரில் இறந்துபோனார். முப்பத்து மூன்று வயது. அவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் அந்தச் சாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படித்தால் எந்தக் கவிதையும் இருட்டாகத்தான் தெரியும். பிரம்மராஜன் தொகுத்த முழுப் புத்தகத்தை எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒரு மனிதர் சாயங்காலம் தன் ரோஜாப் பதியன்களைச் சந்திக்கக் கிளம்புகிறார். தான் வருவது அவற்றுக்குத் தெரியும் என்கிறார். பசியைப் பற்றி, சமூகத்தைப் பற்றிக் கடுமையான கோபமும் இருக்கிறது, கேலியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதியன்களிடம் அவர் காட்டுகிற மரியாதையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. என் பால்கனியிலும் இரண்டு ரோஜாத் தொட்டிகள் உண்டு. பெங்களூர்க் குளிருக்கு ரோஜா நன்றாக வரும். ஆத்மாநாம் என்றால் எனக்கு முதலில் அந்தச் செடிகள்தான், அப்படியே இருக்கட்டும்.

கவிஞர் பிரமிளுக்கும் ஒரு சின்ன அநியாயம் நடந்திருக்கிறது. சிறகிலிருந்து பிரிந்த இறகைப் பற்றிய சில வரிக் கவிதை எல்லா இடத்திலும் பரவிவிட்டது. அழகான கவிதைதான், நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் திருகோணமலையில் பிறந்த அந்த மனிதர் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே தலைப்பாக வைத்து எழுதியவர். அவருடைய தொகுப்பில் இறங்கினால் இறகின் லேசான தன்மை எங்கேயோ போய், பெரிய பாரம் வந்து உட்காரும். சில நீண்ட கவிதைகள் எனக்குக் கடினமாகவே இருக்கின்றன. இருந்தாலும் இறகை மட்டும் வைத்துக்கொண்டு பிரமிளைப் படித்தேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாதியில் நிறுத்திய தொகுப்புகளும் உண்டு. பெயர் வேண்டாம். ஃபேஸ்புக்கில் தனித்தனியாகப் பார்த்தபோது அந்தக் கவிதைகள் எனக்குப் பிடித்துத்தான் இருந்தன. புத்தகமாக வாங்கிப் படித்தபோதுதான் தெரிந்தது, எல்லாக் கவிதையிலும் கடைசி இரண்டு வரியில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. ஐந்தாவது கவிதையிலேயே அது வருவதற்கு முன் எனக்குத் தெரிந்துவிட்டது. தனிக் கவிதை மறைத்துவைக்கிறதைத் தொகுப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சரி, குறுந்தொகையிலும் அதே தலைவி, அதே தோழி, அதே பிரிவுதானே, அது ஏன் சலிக்கவில்லை? இதற்கு விடை என்னோடு வேலை பார்க்கிற கன்னடக்காரத் தோழியிடமிருந்து கிடைத்தது. அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வசனங்கள் சொல்வாள். வசனம் என்றால் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்னட பக்திப் பாட்டு. பசவண்ணர் எதைச் சொன்னாலும் கடைசியில் கூடலசங்கமதேவா என்று தன் சிவனைக் கூப்பிட்டு முடிப்பார். அக்கமகாதேவி சென்னமல்லிகார்ஜுனா என்று முடிப்பார். ஒவ்வொன்றிலும் அதே பெயர். எனக்கு ஒருநாளும் சலித்ததில்லை. ஏனென்றால் அங்கே ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார், அவரைக் கூப்பிடாமல் பேச்சு முடியாது. குறுந்தொகையும் அப்படித்தான். தோழியிடம், தலைவனிடம், தன் நெஞ்சிடம், யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் பக்கத்தில் இருந்து கேட்கிறோம். கடைசி வரி அதிர்ச்சிக் கவிதைகள் எதிரே உட்கார்ந்திருக்கிற என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதப்பட்டவை. நான் கைதட்டுகிறேனா என்று அவை கவனிக்கின்றன.

கவிஞர் தேவதச்சன் அப்படிக் கவனிப்பதே இல்லை. துணி துவைக்கிற கவிதை ஒன்று இருக்கிறது. முதலில் குருவிகளின் சத்தம், அப்புறம் குருவிகள் போய்விட்ட நிசப்தம், அடுத்த துணியை எடுக்கும்போது குருவிகளே இல்லாத நிசப்தம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. துவைக்கிறவர் துவைத்துக்கொண்டே இருக்கிறார். இதைப் படித்த வாரம் முழுவதும் நான் பாத்திரம் கழுவும்போது ரேடியோ போடவில்லை.

என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் திணறுவாள். "அத்தை, சங்க இலக்கியத்துல பெஸ்ட்டா பத்துப் பாட்டு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். பத்தைப் பொறுக்க நான் சம்மதிக்கவில்லை. நாற்பதிலிருந்து நாற்பத்து நான்கு வரை ஐந்தையும் வாய்விட்டுப் படித்து, அர்த்தமும் சொல்லி, வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்தாள். நாற்பத்தைந்தை அவளாகவே தேடிக் கண்டுபிடித்து எழுத்துக்கூட்டியிருக்கிறாள். ஆலங்குடி வங்கனார் பாட்டு அது. காலையிலேயே எழுந்து தேரைப் பூட்டிக்கொண்டு வேறு பெண்களிடம் போனவனுக்காக வீட்டுவாசலில் ஆள் வந்து கெஞ்ச, தோழி பதில் சொல்கிறாள்.

"அத்தை, இந்த ஆளு இப்படிப் போயிருக்கான், கடைசியில அந்தத் தோழி கதவைத் திறந்தாளா இல்லையா?"

பாட்டில் அது இல்லை என்றேன். திறந்திருக்கக்கூடாது என்று அவள் சண்டை போட்டாள். குழந்தையின் தாய் என்று தலைவியைச் சொல்கிறார்களே, அதையும் யோசித்துப் பார் என்றேன். நாங்கள் பேசி முடிக்கும்போது அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்திருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறாள், நாற்பத்தாறிலிருந்து சேர்ந்து படிக்கப்போகிறோம்.