ஓரக் குறிப்புகளைப் படித்துப் பட்டியலில் ஏற்றிய அனுபவம்

லண்டனில் ஒரு நூலகத்தில் பழைய எபிரேய நூல்களுக்குப் பட்டியல் எழுதுகிறேன். வெனிஸில் 1574 வாக்கில் அச்சான மைமோனிடிஸ் என்ற இடைக்கால யூத அறிஞரின் சட்டத் தொகுப்பில் ஒரு பாகம் கைக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஓரமெல்லாம் யாரோ எழுதித் தள்ளியிருக்கிறார், பழைய பட்டியலிலோ "கையெழுத்துக் குறிப்புகள் உண்டு" என்று ஒரே வரி. எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் யாருடைய புத்தகம் என்று பார்க்க வேண்டும். தலைப்புப் பக்கத்தில் "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்ற சங்கீத வரி, அப்புறம்தான் சொந்தக்காரர் பெயர். எல்லாம் இறைவனுடையது, இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது என்று உரிமையை எழுதுவது யூதர்கள் வழக்கம், எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பிடித்த விஷயம் இது. பெயருக்குக் கீழே ஷின், பே, கிமெல் என்று மூன்று எபிரேய எழுத்து. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களும்கூட, இவை 300, 80, 3. யூத ஆண்டில் ஆயிரங்களை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள், 5383 என்பது 383 ஆகும். இப்படி எழுதியதை நம் ஆண்டாக்க 1240ஐக் கூட்ட வேண்டும், 383உடன் கூட்டினால் 1623. யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் 1622இன் கடைசி மாதங்களாகவும் இருக்கலாம்.

கடைசிப் பக்கத்தில் தொமெனிகோ இரொசொலிமித்தானோவின் கையொப்பம். யூதராகப் பிறந்து கத்தோலிக்கரான இவர் இத்தாலியில் கத்தோலிக்கத் திருச்சபைக்காக எபிரேய நூல்களைத் தணிக்கை செய்தவர். அப்படியானால் புத்தகம் அங்கேதான் இருந்திருக்கிறது. உள்ளே தணிக்கையில் அடித்த வரிகளில் மை வெளுத்து, அடியில் இருந்த அச்சு இப்போது நன்றாகவே தெரிகிறது.

கஷ்டம் கையெழுத்தில்தான். இத்தாலிய யூதர்களின் சாய்வெழுத்துக்கும் அச்செழுத்துக்கும் ஒற்றுமையே இல்லை. ஏற்கெனவே படித்துவிட்ட பெயர், மேற்கோள் காட்டிய வேத வசனம் இவற்றிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படமெடுத்து அட்டவணை போட்டேன், பிறகு வேகம் பிடித்தது. ஸாதே, லாமெத் என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால், குறிப்பு எழுதியவர் "இப்படி இருக்க வேண்டும்" என்று அச்சுப் பிழையைத் திருத்துகிறார். மங்கிய இடங்களுக்குப் புற ஊதா விளக்கு. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்த மை என்பதால் அந்த வெளிச்சத்தில் கறுத்துத் தெரியும்.

பைண்டு செய்தவர் ஓரத்தை வெட்டியதில் வரிக்கு இரண்டு மூன்று எழுத்து போயே போய்விட்டது. விற்பவர்கள் கிறுக்கல் இல்லாத பிரதி என்று பெருமையாகப் போடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, இப்போது பட்டியலில் உரிமையாளர், ஆண்டு, தணிக்கைக் கையொப்பம், ஓரக் குறிப்புகளின் பக்க எண்கள், படங்கள் எல்லாம் ஏறிவிட்டன. வெட்டுப்பட்ட வரிகளையும் இருக்கிறபடியே எழுத்தெழுத்தாகச் சேர்த்திருக்கிறேன், அந்தக் கையெழுத்தை வேறு நூலில் பார்த்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.