மதகும் மடையும்

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘ஓபன் தி ஃப்ளட்கேட்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரை ‘வெள்ளக் கதவுகளைத் திற’ என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, சரிதானா என்று கேட்டாள். அப்படியொரு கதவை நம் ஏரிகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கரையில் இருப்பது மதகு. வயலுக்கு நீர் பாயும் வாய் மடை. மிகுநீர் வழிவது கலங்கல்.

சைதாப்பேட்டையில் வளர்ந்தவளுக்கு நேர்ப்பொருளை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2015 டிசம்பர் 1 அன்று, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாற்றில் பெருக்கெடுத்தபோது, அவளைத் தோளில் சுமந்துகொண்டு மாடி வீட்டுக்கு ஏறினோம்.

உருவகப் பொருள்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒன்றை அனுமதித்தால் அதைப் போன்றவை கட்டுக்கடங்காமல் வந்து குவியும் என்ற அச்சமே அத்தொடரில் பெரும்பாலும் ஒலிக்கிறது. ஒரு புதுவகை இழப்பீட்டுக் கோரிக்கையை ஏற்றால் ஆயிரம் வழக்குகள் வந்துவிடும் என்று நீதிமன்றங்கள் தயங்குவதைச் சட்டத் துறையினர் இந்தச் சொல்லாலேயே குறிப்பர். கணக்காயர்களின் பொறுப்பு பற்றிய 1931ஆம் ஆண்டு நியூயார்க் வழக்கில் நீதிபதி கார்டோசோ, தொகைக்கும் காலத்துக்கும் ஆட்களுக்கும் வரையறையற்ற பொறுப்பு நேருமே என்று கவலைப்பட்டதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

நம் ‘மடை திறந்த வெள்ளம்’ அப்படியன்று. தங்குதடையின்றிப் பேசுபவரைப் பாராட்டவே அதைச் சொல்கிறோம். மடையை உழவன் தன் கையால் திறக்கிறான், வயல் நிறைந்ததும் அடைக்கிறான் என்பதால் அந்தச் சொல்லில் அச்சம் படியவில்லை என்றே நான் நம்புகிறேன்.

தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்களும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்க வேண்டும். மூல எபிரேயத்தில் ஒரே சொல் வரும் இரண்டு இடங்களில், நோவா காலத்துப் பெருவெள்ளத்துக்கு ‘வானத்தின் மதகுகள்’ திறந்தன. மல்கியா நூலில் ஆசீர்வாதம் பொழிவதற்கு ‘வானத்தின் பலகணிகள்’, அதாவது சன்னல்கள், திறக்கின்றன. இதைப் படித்துக் காட்டியதும் மகள் தன் வரியை அடித்துவிட்டு, ‘மதகைத் திறந்துவிட்டால் பிறகு தடுக்க முடியாது’ என்று எழுதினாள்.