தேதி இல்லாத எச்சரிக்கை

நேற்று மாலை பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டி, "தம்பி, நாளைக்கு அவர் கடலுக்குப் போகலாமா?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் வந்த புயல் எச்சரிக்கைப் படம். எந்தப் புயல், எந்த ஆண்டு என்று தெரியவில்லை; தேதி இருந்த கீழ்ப்பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுக்கு ஒரு நேர்மை உண்டு. ஆபத்து வந்தால் ஏற்றுவார்கள், விலகினால் இறக்கிவிடுவார்கள். இணையத்தில் ஏறிய கூண்டை மட்டும் யாரும் இறக்குவதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரை இது. இங்கே பொய்ப் பயம் ஆபத்து. அது பழகிப்போய் உண்மையை அலட்சியம் செய்வது அதைவிட ஆபத்து.

பகிர்கிறவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. கணினியிலும் கைப்பேசியிலும் எழுத்துகளைக் கையாள்வதற்கான உலகப் பொதுத் தரம் யூனிகோடு; அதில் 1991இலேயே தமிழ் இடம்பிடித்துவிட்டது. இன்னும் ஏன் எத்தனையோ அறிவிப்புகள் ஸ்கேன் செய்த படங்களாகவே வருகின்றன? படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேடுவது பாடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கோ அது வெறும் படம். எழுத்தாகத் தாருங்கள், தேதியும் நேரமும் முதல் வரியில் இருக்கட்டும், கூடவே அரை நிமிடக் குரல் பதிவு. இதை விதியாகவே கேட்கிறேன். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. குரலுக்கு இங்கே காது இருக்கிறது.

வானிலை மையத்தின் அன்றைய அறிக்கையைத் தேடி எடுத்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எச்சரிக்கை எதுவும் இல்லை. ஐஸ் பெட்டியைக் கழுவப் போய்விட்டார்.