தடைக்காலத்தில் வந்த ஃபைபர் ஷீட்

மே 6
ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடை ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு இப்போதுதான் மராமத்து. அங்கே ஃபைபர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் 3 மி.மீ. ஃபைபர் ஷீட்டோடு தண்டையார்பேட்டையில் இருக்கும் என் லேசர் கட்டிங் கடைக்கு வந்தார். "அக்ரிலிக்க வெண்ண மாதிரி வெட்டுறியே தம்பி, இத வெட்ட மாட்டியா? வட்ட மூடி இருவது வேணும்." விசாரிக்காமல் சரி என்றுவிட்டேன்.

மே 7
முதல் வட்டம் பாதியைத் தாண்டவில்லை. லேசர் தலைக்குப் பின்னாலேயே மஞ்சள் தீ ஓடிவந்தது. வெட்டு வாயில் கரி அப்பி, அதற்குள் கண்ணாடி இழைகள் முடிபோல நீட்டிக்கொண்டிருந்தன. சில இழை நுனிகளில் உருகிய கண்ணாடி கடுகைவிடச் சின்ன மணியாக நின்றது. உடன் வேலை செய்யும் தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உடனே நிறுத்தினேன்.

எக்ஸாஸ்ட் குழாய் சந்தில் திறக்கிறது. எதிர்வீட்டு ஆயா சமையலறை ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்தேன். ஃபேன் ஓடினால் புகை போய்விட்டது என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அது அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

மே 8
இரவு உட்கார்ந்து படித்தேன். ஷீட்டில் இரண்டு பொருள்: கண்ணாடி இழை, அதைப் பிடித்திருக்கும் பாலியஸ்டர் ரெசின். ரெசின் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே சிதையத் தொடங்கும். கண்ணாடி இளகவே 800-க்கு மேல் வேண்டும். கண்ணாடி வெட்டுப்படும் சூட்டுக்குப் போவதற்குள் சுற்றியுள்ள ரெசின் எரிந்து ஸ்டைரீன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் கிளம்பிவிடும். வேகத்தையும் பவரையும் மாற்றிப் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது. துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. கார்பன் ஃபைபர் என்றால் இன்னொரு தொல்லை: அந்த இழைத்தூளில் மின்சாரம் பாயும், மெஷினின் போர்டில் படிந்தால் ஷார்ட் ஆகும்.

மே 10
ஒரு மாணவர் பச்சை சர்க்யூட் போர்டு கொண்டுவந்தார். அதுவும் கண்ணாடி இழைதான், எபாக்ஸி ரெசினோடு. தீப்பிடிக்காமல் இருக்கப் பெரும்பாலும் புரோமின் சேர்ப்பார்கள். மொட்டைமாடியில், காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து வீசும்படி நின்றுகொண்டு, செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, போர்டின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினேன். தீ பச்சையாக எரிந்தது. பிவிசி-யும் இப்படித்தான் பச்சை காட்டும், அதில் இருப்பது குளோரின். இரண்டிலிருந்தும் வருவது அமில வாயு. லென்ஸையும் இரும்பையும் அரிக்கிற அது நுரையீரலை விட்டுவைக்குமா? அந்தப் பிள்ளை முகம் வாடினாலும் போர்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மே 13
மூடிகள் முடிந்தன. கம்ப்ரஸர் காற்றில் ஓடும் கிரைண்டர், வைரத்தூள் பதித்த வட்டு, வெட்டும் இடத்தில் மெல்லிசாகத் தண்ணீர். தண்ணீரோடு கரண்ட் மெஷினைச் சேர்க்க மனம் வரவில்லை. ஆளுக்கொரு ஃபில்டர் மாஸ்க், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. சேற்றைக் காயவிடாமல் ஈரத்துணியால் வழித்துப் பையில் கட்டினோம். காய்ந்தால் மறுபடி தூசி. தூசியை ஊத ஏர் கன் அடிக்கவே கூடாது என்று தம்பியிடம் மூன்று முறை சொன்னேன்.

லேசரில் ஒரு மணி நேரம் என்று நினைத்த வேலை ஒரு நாளை விழுங்கியது. அண்ணன் விளிம்பைத் தடவிப் பார்த்து, கூடுதல் கூலியைப் பேசாமல் கொடுத்தார்.

தம்பி வீட்டில் கைக்குழந்தை. சட்டையை இங்கேயே கழற்றித் தனியாக அலசச் சொன்னேன். எக்ஸாஸ்ட் குழாயை மாடிக்கு மேலே ஏற்ற நாளை டக்ட் ஆள் வருகிறார். ஆயாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.